சூப்புக்குக் காசு கிடையாது

அடுப்புத் திட்டில் காய்ந்துபோன மீன் விழுதைக் கத்தி முனையால் சுரண்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும்.

நாங்கள் குடியிருப்பது பூசானில். கொரியாவில் மீன் கேக் என்றாலே இந்த ஊர்தான். கொரியப் போர்க்காலத்தில் அகதிகள் வந்து குவிந்தபோது மலிவாக வயிற்றை நிரப்பிய பண்டம். யோங்தோ தீவின் சந்தையில் 1953இல் தொடங்கிய சம்ஜின் கடை இன்றைக்கும் நடக்கிறது. புப்யோங் சந்தையில் இதற்கென்றே ஒரு தெரு இருக்கிறது. இதெல்லாம் போதாதென்று எங்கள் குடியிருப்பு வாசலிலேயே ஒரு வண்டிக்கடை. இப்பேர்ப்பட்ட ஊரில் எங்கள் வீட்டுக்காரர் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, "வீட்லயே செஞ்சா சுத்தமா இருக்குமே" என்றார்.

பானிபூரிக்கும் இதையேதான் சொன்னார். எல்லா வீட்டிலும் ஒருவர் சொல்வார். பாத்திரம் தேய்ப்பவர் மட்டும் சொல்லவே மாட்டார்.

தெருவில் விற்கும் பண்டத்தை ஏன் வீட்டில் செய்யக் கூடாது என்பதற்கு என்னிடம் அசைக்க முடியாத காரணம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன். அதற்கு முன் சூப்பைப் பற்றி ஒரு வார்த்தை.

வண்டிக்கடையில் சூப்புக்குக் காசு கிடையாது. நீளமான எவர்சில்வர் தொட்டியில் அது காலையிலிருந்து கொதிக்கிறது. உள்ளே நெத்திலிக் கருவாடு, கடல்பாசி, தடித்தடியாக முள்ளங்கி, சில கடைகளில் பாதி நண்டு. தகடாகப் பொரித்த மீன் கேக்கைப் புடவைக் கொசுவம்போல் மடித்துக் குச்சியில் செருகி அதில் ஊறவிட்டிருப்பார்கள். பூசானில் அரிசி மாவுக் கொழுக்கட்டையையும் குச்சியில் குத்திக் கூடவே போடுவது வழக்கம். நின்றபடியே எடுத்துச் சாப்பிட வேண்டியது. சோயா சாஸைத் தொட்டுக்கொள்ள வேண்டியது. பேப்பர் கப்பில் சூப்பை நாமே மொண்டு குடிக்க வேண்டியது. கடைசியில் குச்சிகளை எண்ணித்தான் காசு. கப்பை யாரும் எண்ணுவதில்லை. எல்லோரும் 'இமோ' என்று கூப்பிடும் அந்தக் கடைக்காரம்மா, ஒற்றைக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நான் கப் கப்பாக மொள்வதைப் பார்த்தும் பார்க்காததுபோல் திரும்பிக்கொள்வார். குளிர்காலத்தில் எனக்கு வெட்கம் குறைவு.

அந்தச் சூப்பின் ருசி நெத்திலியில் இல்லை. நாள் முழுக்க அதில் ஊறும் குச்சிகளில் இருக்கிறது. எண்ணெயும் உப்பும் இனிப்பும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க இறங்கத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். எனக்கு முன்னால் தின்றுவிட்டுப் போனவன், எனக்குப் பின்னால் வரப்போகிறவன், இருவர் குச்சியின் சாற்றையும் நான்தான் குடிக்கிறேன். வீட்டில்? நெத்திலிக்குத் தலை கிள்ளி, குடல் எடுத்து (யார் என்று கேட்காதீர்கள்), வெறும் சட்டியில் வறுத்து, கடல்பாசியைக் கொழகொழப்பதற்குள் வெளியே எடுத்து, எல்லாம் முறைப்படி செய்தாயிற்று. கிடைத்தது நெத்திலி குளித்துவிட்டுப் போன வெந்நீர். சாறு இறங்க நாலு பேர் குச்சி போதுமா? தெருவையே சாப்பிடக் கூப்பிட வேண்டும். பிறகு தெருவையே பாத்திரம் தேய்க்கவும் கூப்பிட வேண்டும்.

மீன் கதை சின்னது. மீன் ஜில்லென்று இருக்க வேண்டும், உப்போடு அரைபட்டால்தான் அதன் புரதம் பசையாகிப் பிடித்துக்கொள்ளும், சூடேறினால் பொலபொலத்துவிடும் என்று அவர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அதுவரை மிக்ஸி ஓடிக்கொண்டே இருந்தது. ஜாரைத் தொட்டால் கை சுட்டது. விழுது தகடாக வரவில்லை. வந்த இரண்டு தகடும் மடிக்கும்போது உடைந்தன. "உருட்டிப் போட்டா என்ன, அதுவும் மீன்தானே?" என்றார்.

மகள் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "மீன் வடை நல்லா இருக்குப்பா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அம்மா, கீழ போய் சூப் மட்டும் வாங்கிட்டு வரட்டா?"

"சூப் மட்டும்னு எப்படிடி கேப்ப? குச்சியும் வாங்கு."

பத்துக் குச்சியோடு வந்தாள். "கடையில என்னமோ குறையுது" என்று சொல்லிக்கொண்டே அதிகம் தின்றவர் யார் என்பதை எழுதினால் வீட்டில் சண்டை வரும்.

ஆங், அந்தக் காரணம். தெருப் பண்டம் என்பது... இருங்கள், சமையலறையில் ஏதோ சத்தம். சூரியகாந்தி விதை, சர்க்கரை, ஈஸ்ட் எல்லாம் வாங்கிவந்து மேடையில் பரப்பிக்கொண்டிருக்கிறார். ஹோத்தோக் என்கிற தெருக்கடை இனிப்பு அடை சுடப் போகிறாராம். நான் இப்போதுதான் துடைத்த மேடை.