இரண்டாவது திருகு: வெள்ளத்தில் நின்ற கார் குறித்து ஓர் அகத்திணை ஆய்வு

தொல்காப்பியம் காருக்கு இலக்கணம் சொல்லவில்லை. உரையாசிரியர்களும் வாய் திறக்கவில்லை. நச்சினார்க்கினியர் காலத்தில் செல்ஃப் மோட்டார் கிடையாது என்பது ஒரு சமாதானமே தவிர விடையாகாது. இந்தக் குறையைப் போக்க வந்த இவ்வாய்வு புன்னக்காயலைக் களமாகக் கொள்கிறது. ஹென்றிக் ஹென்றிக்ஸ் பாதிரியாரின் ‘அடியார் வரலாறு’ 1586இல் அச்சேறிய ஊர் இதுவென்று அச்சு வரலாற்றாளர் பலர் சொல்கிறார்கள்; ஆராய்ச்சிக் கட்டுரைக்கு இதைவிடத் தக்க மண் வேண்டியதில்லை.

இன்னொரு காரணமும் உண்டு. பொதிகையில் பிறந்து, சுமார் 125 கிலோமீட்டர் ஓடி, எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டி வரும் தாமிரபரணி கடலோடு கலப்பது இங்கேதான். வெற்றிலைக் கொடிக்கால் இருக்கும் ஆத்தூர் மருதம். கிழக்கே கழியும் கடலும் நெய்தல். மருதத்தின் உரிப்பொருள் ஊடல், நெய்தலுக்கு இரங்கல். வெள்ளத்தில் நின்றுபோன கார் இந்த இரண்டுக்கும் நடுவே திணைமயக்கத்தில் நிற்கிறது. ஊடல் என்றால் வண்டி இரண்டு நாளில் சமாதானமாகி வீடு வரும். இரங்கல் என்றால் ஹெட்டைக் கழற்றியாக வேண்டும். எந்தத் திணை என்பதைப் பல நேரம் ஆறு முடிவு செய்வதில்லை. சாவிதான் முடிவு செய்கிறது.

முதற்பொருளை முதலில் பார்க்கலாம். 2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில், புன்னக்காயலுக்குத் தெற்கே கூப்பிடு தூரத்தில் இருக்கும் காயல்பட்டினத்தில் பெய்த மழை 95 செ.மீ. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஏரல், ஆத்தூர், முக்காணி என்று ஆற்றங்கரை ஊர்களெல்லாம் தண்ணீருக்குள் நின்றன. ரோட்டில் கார் ஓட வேண்டிய இடத்தில் மீனவர்களின் படகு ஓடியது. பெரும்பொழுது கார், சிறுபொழுது இரவு. (கார்காலத்தில் கார் கெடுவது சிலேடைக்கு வசதிதான். ஆனால் டிசம்பர், மரபுப்படி கூதிரும் முன்பனியுமாகிவிடுகிறது. ஆய்வாளர் மனமில்லாமல் அதைக் கைவிடுகிறார்.)

இனி கருப்பொருள். அதாவது என்ஜின்.

பழைய ஸ்விஃப்ட், டிசையர் வண்டிகளில் பல வருடம் ஓடிய 1,248 சிசி டீசல் என்ஜினை எடுத்துக்கொள்ளலாம். நான்கு சிலிண்டர், ஒவ்வொன்றும் 312 சிசி. அழுத்த விகிதம் 17.6:1. பிஸ்டன் உச்சிக்கு வந்து நிற்கையில் அதன் தலைக்கு மேல் மிஞ்சும் இடம் 19 மில்லிக்கும் குறைவு. இருமல் மருந்து மூடிக்கு இரண்டு மூடி. காற்று என்றால் அந்த இடத்துக்குள் ஒடுங்கிக்கொள்ளும். தண்ணீர் ஒடுங்காது. வானம் 95 செ.மீ. கொட்டலாம், ஆறு கரையை உடைக்கலாம். என்ஜினுக்கு அந்த இரண்டு மூடி போதும். மேலே வரும் பிஸ்டன் பாதியில் முட்டி நிற்க, கீழே சுழலும் கிராங்க் விடாமல் தள்ள, நடுவில் மாட்டிக்கொண்ட கனெக்டிங் ராடு வளைகிறது. வேகத்தில் வந்த வண்டி என்றால் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்ப்பதும் உண்டு.

தண்ணீர் எந்த வழியாக உள்ளே போனது என்பதில் இரண்டு மரபுகள் உள்ளன. சைலன்சர் மரபினர் பின்பக்கம் என்பர். ஃபில்டர் மரபினர் முன்பக்கம் என்பர். ஓடும் என்ஜின் புகையைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் பின்வழி எளிதில் திறப்பதில்லை. காற்று இழுக்கும் குழாயின் வாயோ பல கார்களில் கிரில்லுக்குப் பின்னால், பானட் மட்டத்தில் இருக்கிறது. முழங்கால் தண்ணீரில் தப்பித்துவிடும் அந்த வாய், எதிரே ஒரு பஸ் வந்து அலை எழுப்பினால் மடக்மடக்கென்று குடித்துவிடுகிறது. மெக்கானிக்குகள் ‘வண்டி தண்ணி குடிச்சிருச்சு’ என்று சொல்வது உருவகம் அல்ல.

அகப்பாட்டில் யார் பேசலாம் என்பதற்குக் கூற்று விதிகள் உண்டு. இங்கும் உண்டு.

தலைவன் கூற்று: “ஆஃப் ஆயிருச்சே.”
தோழி கூற்று, போனில் மெக்கானிக்: “அண்ணாச்சி, செல்ஃப் மட்டும் அடிச்சிராதீய. நியூட்ரல்ல போட்டு வெளிய தள்ளுங்க.”
கண்டோர் கூற்று: “ஒருக்க அடிச்சுப் பாருங்க அண்ணாச்சி, எடுத்திரும்.”

துன்பியல் மூன்றாவது கூற்றில் தொடங்குகிறது. மெதுவாக ஊர்ந்து வந்து நின்ற என்ஜினில் முதல் முட்டலோடு எதுவும் வளையாமல் இருக்க வாய்ப்பு அதிகம். உள்ளே தண்ணீர் இருக்கும்போதே சாவியைத் திருகினால் செல்ஃப் மோட்டாரின் தள்ளலும், காய்ந்திருக்கும் பக்கத்துச் சிலிண்டர் பற்றிக்கொண்டால் அதன் உதையும் சேர்ந்து ராடை முடிக்கின்றன. ‘ஒருக்க’ என்ற சொல்லுக்கு இந்த இடத்தில் பொருள் ‘கடைசியாக’ என்று கொள்க.

வைத்தியத்தைப் பொறுத்தவரை கரையோர ஊர்களில் பழைய அறிவு இருக்கிறது. கடலில் விழுந்த அவுட்போர்டு என்ஜினைத் தூக்கினால் அதைக் கிளப்பிப் பார்ப்பதில்லை. நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி, உள்ளே இருப்பதை வடித்து, எண்ணெய் விடுவது முறை. காருக்கும் அதே பாடம், சிறு பாடபேதத்தோடு. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்று. ஏர் ஃபில்டரைத் திறந்து பார்; நனைந்திருந்தால் சந்தேகம் உறுதி. பெட்ரோல் என்றால் ஸ்பார்க் பிளக், டீசல் என்றால் குளோ பிளக் அல்லது இன்ஜெக்டர். கழற்றிவிட்டு கிராங்கைக் கையால் சுற்றினால் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வரும். ஆயில் குச்சியில் பால் தூக்கலான காபி நிறம் தெரிந்தால் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, கொஞ்சம் ஓட்டி, மறுபடி மாற்ற வேண்டும். முகத்துவாரத் தண்ணீர் உப்பு. வயரிங்கை அது அரிப்பது பிறகு தெரியவரும்.

கடைசியில் வருபவர் சர்வேயர். இவரையே இத்துறையின் உண்மையான உரையாசிரியர் எனலாம். சாதாரண முழுக் காப்பீடு வெள்ளச் சேதத்தை ஏற்கும். தண்ணீரில் நின்ற வண்டியைக் கிளப்பப் போய் உடைந்த என்ஜினைப் பின்விளைவுச் சேதம் என்று பொதுவாகத் தள்ளிவிடும். என்ஜினுக்கென்று தனிக் கவர் எடுத்திருக்க வேண்டும். ஆகவே உரிமையாளர் ‘நான் சாவியைத் தொடவே இல்லை’ என்று மூலபாடம் வாசிக்கையில், சர்வேயர் வளைந்த ராடைக் கையில் எடுத்து அதை வேறு விதமாக வாசிக்கிறார்.

ஒப்பியல் நோக்கில் சென்னை வேளச்சேரி கவனிக்கத்தக்கது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் அங்கே மேம்பாலத்தில் கார்கள் வரிசையாக ஏறி நின்றன. பரங்கிமலை பக்கத்திலேயே இருந்தும், அவ்வூரார் குறிஞ்சி நிலத்தைக் கான்கிரீட்டில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். புன்னக்காயலில் மேம்பாலம் இல்லை. மேடான இடங்கள் மாதா கோயில் படி மாதிரிச் சிலதான்.

கண்டோர் கூற்றைச் சொல்பவர் எங்கே நின்று சொல்கிறார் என்பது மட்டும் மேலாய்வுக்கு உரியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் இடுப்பளவு தண்ணீரில்தான் நிற்கிறார். அவருடைய பைக் அந்தப் படியில் நிற்கிறது.