மாம்பழத் துண்டுக்கு எந்த ஊர்?

கே: பிளாக்செயின் என்றால் பிட்காயின் ஆயிற்றே, மளிகைக் கடையில் அதற்கு என்ன வேலை?

ப: கணக்கு எழுதுகிற வேலை. தோட்டக்காரர், பேக்கிங் கூடம், லாரி, கடை என எல்லோரும் ஒரே பேரேட்டில் பதிகிறார்கள். பிரதி பலரிடமும் இருக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் முந்தைய பக்கத்தின் முத்திரை உண்டு. பழைய வரியில் யாராவது கைவைத்தால் முத்திரை பொருந்தாமல் காட்டிக்கொடுத்துவிடும்.

கே: பில் புத்தகம் போதாதா?

ப: அமெரிக்காவின் வால்மார்ட் கடைகளில் உணவுப் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த ஃபிராங்க் யியானாஸ் இதைச் சோதித்தே பார்த்தார். நறுக்கிய மாம்பழப் பாக்கெட் ஒன்றைத் தன் ஆட்கள் முன்னால் வைத்து, எந்தத் தோட்டத்துப் பழம் என்று கேட்டார். பதில் வர 6 நாள், 18 மணி, 26 நிமிடம் ஆனது. ஐபிஎம்மோடு சேர்ந்து பிளாக்செயினில் ஏற்றியபின் 2.2 நொடி.

மாம்பழத்துக்கு ஆறு நாள் போனால் போகட்டும். ஆனால் 2018-ல் அமெரிக்காவின் யூமா பகுதியில் விளைந்த ரோமெய்ன் கீரையால் ஈ.கோலை கிருமி பரவியது. 36 மாநிலங்களில் 210 பேர் நோயில் படுத்தார்கள், 5 பேர் இறந்தார்கள். யூமா கீரை வேண்டாம் என்றது அரசு. பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் பலவற்றில் ஊர்ப் பெயரே இல்லை! அதனால் யூமாவில் விளையாதது என்று உறுதியாகத் தெரியாத எந்த ரோமெய்னும் வேண்டாம், ஊர் தெரியாவிட்டால் குப்பையில் போடுங்கள் என்று சொல்லவேண்டி வந்தது. நல்ல கீரையும் சேர்ந்து போயிற்று. அந்த செப்டம்பரில், ஓராண்டுக்குள் இந்தப் பேரேட்டில் சேருங்கள் என்று கீரை சப்ளையர்களுக்கு வால்மார்ட் கடிதம் எழுதியது.

கே: பாக்கெட்டில் இந்தப் பேரேட்டைக் காட்டும் க்யூஆர் கோடு இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

ப: கூடாது. சர்க்கரைப் பாகைத் தேன் என்று முதல் ஆளே பதிந்துவிட்டால், அந்தப் பொய்யும் அழியாமல் பத்திரமாக இருக்கும். ஆனாலும் பிரான்சில் கார்ஃபூர் கடை 2018-ல் ஓவேர்ன் பகுதிக் கோழிக்குச் செய்தது எனக்குப் பிடிக்கும். க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் வளர்த்தவர் யார், என்ன தீவனம் என்று தெரியும். தன் பெயரைப் போட்டு எழுதுகிறவர் பொய் எழுத ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார்.

கே: செலவு யார் தலையில்?

ப: சிறு விவசாயி தலையில் விழக்கூடாது. அறுப்புக்கு நடுவே, சேற்றுக் கையைத் துடைத்துக்கொண்டு கைபேசியில் பெட்டி பெட்டியாகப் பதிவது அவர்தான். அந்தப் பதிவைக் காட்டி விற்கிற கடை, பெட்டிக்கு இவ்வளவு என்று அவருக்குக் கூலி தரட்டும்.