177 கன அடி அணை

சென்னைக்குப் போகிற எக்ஸ்பிரஸ் ரயில் எதுவும் செவ்வாப்பேட்டையில் நிற்காது. லோக்கல் நிற்கும், அதுவும் நின்ற மாதிரி ஒரு பாவனைதான். 2019 ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு முதல் தண்ணீர் ரயில் போனபோதும் அதே கதை. ஐம்பது டேங்கர், 25 லட்சம் லிட்டர் காவிரித் தண்ணீர், அரக்கோணம், திருவள்ளூர் தாண்டி எங்கள் பிளாட்பாரத்தை உரசிக்கொண்டு போயிற்று. அந்தக் கோடையில் எங்கள் வீட்டு போர் காற்றைத்தான் கக்கிக்கொண்டிருந்தது. தண்ணி லாரிக்காரர் போனை எடுப்பதை விட்டுப் பல நாளாகியிருந்தது. நான் கையில் காலி கேனோடு தண்டவாளத்தின் இந்தப் பக்கம் நின்றேன். பக்கத்தில் நின்ற பையன் ரயிலுக்கு டாட்டா காட்டினான். நானும் காட்டினேனோ என்னவோ.

அன்று ராத்திரி காலண்டர் தாளின் பின்பக்கம் ஒரு கணக்குப் போட்டேன். எங்கள் மொட்டை மாடி 800 சதுர அடி, அதாவது 74 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். எங்கள் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 1,100 மில்லிமீட்டர் பெய்கிறது. பெருக்கினால் 81,400 லிட்டர். வெயில் குடித்தது, வழிந்தது, காக்கா குடித்தது எல்லாம் போக 65,000 என்று வைத்துக்கொண்டாலும், எங்கள் நகரில் நாற்பது மாடி சேர்ந்தால் வருஷத்துக்கு ஒரு தண்ணீர் ரயில்! இன்ஜின் வேண்டாம், அரசு அந்தத் திட்டத்துக்கு ஒதுக்கிய 65 கோடி ரூபாயும் வேண்டாம். மனைவியிடம் தாளை நீட்டினேன். "நாளைக்குத் துணி நனைக்கத் தண்ணி இருக்கான்னு பாருங்க மொதல்ல" என்றாள்.

வேடிக்கை என்னவென்றால், சட்டப்படி எங்கள் வீட்டில் மழைநீர் சேகரிப்பு ஏற்கெனவே இருந்தது. 2003இல் ஜெயலலிதா ஆட்சியில் அவசரச் சட்டம் போட்டு, ஆகஸ்ட் 31க்குள் எல்லாக் கட்டடத்திலும் அமைத்தாக வேண்டும், இல்லாவிட்டால் குடிநீர் இணைப்பு போய்விடும் என்றார்கள். அதற்கு முன்பே, தொண்ணூறுகளில், சேகர் ராகவன் என்கிற இயற்பியல்காரர் பெசன்ட் நகரில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிப் பார்த்தார். அவர் தன்மையாகச் சொன்னதைக் கேட்காத நாம், இணைப்பைத் துண்டிப்போம் என்றதும் ஒரே மாசத்தில் பைப்பும் கையுமாக அலைந்தோம். சென்னையில் பல கிணறுகளில் தண்ணீர் ஏறியது அதற்கப்புறம்தான், அதை மறுப்பதற்கில்லை.

ஆனால் 'சென்னைக்கு மிக அருகில்' என்று விளம்பரம் பார்த்து நான் வாங்கிய வீடு அதற்கெல்லாம் பிந்தியது. மாடியிலிருந்து ஒரு வெள்ளை பைப் ஜோராக இறங்கி மண்ணுக்குள் போகும். பல வருஷம் அதை நம்பிக்கொண்டிருந்தேன். அதன் பக்கத்தில் முருங்கைப் போத்து நடக் குழி வெட்டியபோதுதான் விஷயம் தெரிந்தது. பைப் முக்கால் அடி ஆழத்தில் முடிந்திருந்தது. முடிந்த இடத்தில் எண்ட் கேப் வேறு. மழைத் தண்ணீர் அதுவரை வந்து, கொஞ்சம் யோசித்து, வந்த வழியே மாடிக்குத் திரும்ப வேண்டியதுதான். பிளம்பரைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் அதிரவில்லை. "இது போட்டோக்குப் போட்டது சார்" என்றார்.

புதிதாக அவர் அமைத்துக் கொடுத்தது இதுதான். மாடித் தண்ணீர் எல்லாம் ஒரே பைப்பில் இறங்கும். கீழே ஒரு கேட் வால்வு. அடுத்து 200 லிட்டர் டிரம். அதில் அடியில் பெரிய ஜல்லி, மேலே சின்ன ஜல்லி, கரி, மணல், வாயில் கொசுவலை. அங்கிருந்து 5,000 லிட்டர் சம்பு. சம்பு நிரம்பினால் மிச்சம் போர் பக்கத்தில் வெட்டிய குழிக்கு. கூலியை எண்ணி வாங்கிக்கொண்டு போகும்போது ஒரு வார்த்தை சொன்னார்: "கட்றது பெர்சில்ல சார். அப்பாலிக்குப் பாத்துக்கினு இருக்கணும். மாடு வாங்கின மாரி."

மாடாவது ராத்திரி தூங்கும். இதில் முதல் மழையை உள்ளே விடக்கூடாது. மாடியில் சேர்ந்த புழுதி, புறா எச்சம், பக்கத்து வீட்டு வேப்பஞ்சருகு எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு முதல் பத்து நிமிஷம் அது வெளியே போக வேண்டும். பிறகு வால்வைத் திருகி மூடினால் டிரம்முக்குப் போகும். எங்கள் ஊரில் மழை ராத்திரி இரண்டரை மணிக்கு முன் ஆரம்பித்ததாக எனக்கு நினைவில்லை. லுங்கியை மடித்துக் கட்டி, ஒரு கையில் குடை, வாயில் டார்ச், மறுகையில் வால்வு என்று சுவரோரம் குந்தியிருந்தபோது எதிர்வீட்டுக்காரர் ஒருமுறை திருடன் என்று சத்தம் போட்டுவிட்டார். "நான்தான் அண்ணே" என்றேன். டார்ச் வாயில் இருந்ததால் அது வேறு மாதிரிக் கேட்டது. அவர் இன்னும் பலமாகச் சத்தம் போட்டார்.

அடுத்த பிரச்சினை மாடி. அதுவரை அது மாமியாரின் சாம்ராஜ்யம். மிளகாய், புளி, கூழ் வடாம் எல்லாம் அங்கேதான் காயும். இப்போது நான் பிடுங்கிக்கொண்டேன். செருப்போடு ஏறக்கூடாது. காக்காவுக்குச் சோறு வைப்பதானால் கீழே வேப்ப மரத்தடியில். மிளகாய் காய்ந்த மறுநாள் மழை பெய்து சம்புத் தண்ணீர் கொஞ்சம் காரமாக இருந்தது என்று நான் சொன்னதை வீட்டில் யாரும் நம்பவில்லை. அத்தை வடாம் பிழியும் நாளில் வானத்தைப் பார்த்து "இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோடா அப்பா" என்று கும்பிடுவார். அதே நேரம் வாசலில் நின்று நான் மேகத்தைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன். ஒரே வீட்டிலிருந்து இரண்டு மனு. வருணபகவான் என்ன செய்வார் பாவம், தூறலாகப் போட்டுவிட்டுப் போனார். வடாமும் நனைந்தது, சம்பும் நிரம்பவில்லை.

தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கினேன். போர் தண்ணீருக்கு 1,600 காட்டிய மீட்டர் மழைத் தண்ணீருக்கு 28 காட்டியது. குடிநீர் 500க்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். எங்கள் குக்கரின் உட்பக்கம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருக்கும், அது நின்றுபோயிற்று. துவரம்பருப்பு ஒரு விசில் முன்னாலேயே குழைந்தது. ஆனால் சோப்பு விஷயம் வேறு. உப்புத் தண்ணீரில் நுரைக்காத சோப்பு இதில் பொங்கிப் பொங்கி நுரைக்கும். நான்கு சொம்பு ஊற்றினாலும் தோல் வழவழவென்றே இருக்கும். மச்சினன் ஊரிலிருந்து வந்து குளிக்கப் போனவர் முக்கால் மணி நேரமாக வெளியே வரவில்லை. "சோப்பு போகவே மாட்டேங்குது மாமா" என்று உள்ளிருந்து குரல். அன்று அவர் தோலை வழவழப்பாக்கியதில் 300 லிட்டர் போயிற்று. மீட்டர் இல்லாமலேயே தெரிந்தது.

எப்படித் தெரிந்தது என்றால், அதற்குள் எனக்கு அந்த வியாதி வந்துவிட்டது. காலையில் பேப்பரைப் பிரித்ததும் ஏரிகளின் நீர்மட்டம் பார்ப்பேன். பூண்டியின் கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி, செம்பரம்பாக்கம் 3,645. எங்கள் சம்பையும் கன அடியில் மாற்றிப் பார்த்தேன்: 177. ஒட்டடைக் கம்பில் பெயின்டால் கோடு போட்டு, தினம் மூடியைத் திறந்து விட்டுப் பார்த்து, சமையலறைக் காலண்டரில் 'இருப்பு' எழுதி வைத்தேன். இருப்பு குறைவதைப் பார்க்க மனசு வராது. நல்ல தண்ணீர், கோடைக்கு ஆகும், தொடாதே. ஆகவே ஐப்பசியில் பிடித்த தண்ணீரை யாரும் தொடவில்லை. கார்த்திகையில் கொட்டியபோது சம்பு தளும்பத் தளும்ப இருந்ததால் வந்த மழை முழுக்கக் குழிக்கே போயிற்று. "நெறஞ்ச குடத்தை வச்சிக்கிட்டு கொழாயடிக்குப் போற மாதிரி இருக்கு உங்க பொழப்பு" என்றாள் மனைவி.

நிரம்பியும் இருக்க வேண்டும், வருகிற மழைக்குக் காலியாகவும் இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்கு முன்கூட்டியே செம்பரம்பாக்கத்தைத் திறந்திருக்க வேண்டாமா என்று டீக்கடையில் மேஜையைத் தட்டிப் பேசியவர்களில் நானும் ஒருவன். 177 கன அடிக்கு அதிகாரியான பிறகு அந்தப் பேச்சு வந்தால் டீயை வேகமாகக் குடித்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

2023 மிக்ஜாம் புயல் வந்தபோது சரியாக நடந்துகொள்ளத் தீர்மானித்தேன். டிசம்பர் 2, சனிக்கிழமை. சம்பு நிறைந்திருந்தது. புயல் வருகிறது என்று டிவியில் அலறுகிறார்கள். அணையைத் திறக்க உத்தரவிட்டேன். இருந்த போர்வை, ஜன்னல் திரை, சோபா உறை, திருமணத்துக்கு யாரோ கொடுத்து ஒருநாளும் போர்த்தாத கம்பளி எல்லாவற்றையும் துவைத்தோம். மாலைக்குள் சம்பு அடி தட்டியது. திட்டமிடலில் ஒரே ஒரு குறை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மழை, கொடியில் போட முடியவில்லை. கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டிக் காயப்போட்டோம். ராத்திரி கரண்ட் போயிற்று. மெழுகுவத்தி வெளிச்சத்தில், சொட்டுகிற கம்பளிக்கு அடியில், ரசம் சாதம் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை காலையில் சம்பு மறுபடி நிரம்பி வழிந்தது. தெருவில் கணுக்கால் அளவு தண்ணீர். வீட்டைச் சுற்றியும் தண்ணீர், வீட்டுக்குக் கீழேயும் 5,000 லிட்டர். குழாயைத் திறந்தால் ஒரு சொட்டு இல்லை. மோட்டார் ஓடினால்தானே மேலே ஏறும். மாடித் தொட்டி காலி. பிளம்பரோ நானோ இதை யோசிக்கவில்லை.

சம்பின் உயர்த்திக் கட்டிய வாயைத் திறந்து, வாளியில் கயிறு கட்டி விட்டேன். வாளி தண்ணீர்மேல் படகு மாதிரி மிதந்தது. ஆட்டினேன், மிதந்தது. திட்டினேன், மிதந்தது. அத்தை வந்து கயிற்றை வாங்கினார். ஊத்துக்கோட்டைப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். கயிற்றைத் தளரவிட்டு மணிக்கட்டால் ஒரே சுண்டு. வாளி தலைகுப்புறக் கவிழ்ந்து, முங்கி, கனத்து நின்றது. கைமாற்றிக் கைமாற்றி இழுத்துக் குடத்தில் ஊற்றினார். எதிர்வீட்டு அண்ணனின் வீட்டம்மாள் இரண்டு குடத்தோடு வந்து நின்றார். அப்புறம் அடுத்த வீடு. மழைக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அத்தை இறைத்துக்கொண்டேயிருந்தார். நான் ஒட்டடைக் கம்பைத் தேடவில்லை.

பதினைந்தாவது வாளியிலோ என்னவோ நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்தார்.

"ஏன் மாப்பிள்ளை, இதையா இத்தனை வருஷமா அமைப்பு அமைப்புன்னு சொன்னீங்க? கெணறுன்னு சொல்லியிருந்தா அன்னிக்கே எனக்குப் புரிஞ்சிருக்குமே."

சாயங்காலம் கயிற்றைச் சுருட்டி உள்ளே வைக்கப் போனேன்.

"இருக்கட்டும் அங்கியே" என்றார். "நாளைக்கும் கரண்ட் வராது."

வரவில்லை.