எண்ணூறார்

அகநானூற்றையும் புறநானூற்றையும் கூட்டினால் எண்ணூறு. குரோம்பேட்டையில் எங்கள் தெருக்காரர் ஒருவருக்குக் காதல், போர் இரண்டும் ஒரே மாருதி எண்ணூறில் அமைந்துவிட்டன. 1996 மாடல், கார்புரேட்டர் வண்டி. கம்பெனிக் கணக்குப்படி எஞ்சின் 796 சிசிதான். மீதி நாலு சிசிக்கு அவருடைய நம்பிக்கை. தெருவில் அவருக்கு எண்ணூறார் என்றே பெயர். ஊருக்கு ஒருவர் இப்படி இருப்பார். சில ஊர்களில் அம்பாசடரார், பத்மினியார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு பானெட் திறக்கிற சத்தம் கேட்டால் அவர்தான். மடித்துக் கட்டிய லுங்கி, தோளில் கிழிந்த பனியன். அது துடைக்கிற துணி. எஞ்சினுக்குள் தலையை விட்டபடியே, போகிறவர் வருகிறவருக்கு வரலாறு சொல்வார்.

"1983 டிசம்பர்ல இந்திரா காந்தி கையால முதல் சாவி குடுத்தாங்க சார். 2014 ஜனவரியோட நிறுத்திட்டான். முப்பது வருஷம்! இப்ப வர்றதெல்லாம் வண்டியா? செல்போனுக்கு நாலு சக்கரம் வெச்சிருக்கான்."

அவரிடம் ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. இடது பக்கம் செலவு, வலது பக்கம் மிச்சம். மெக்கானிக் கேட்டு இவர் கொடுக்காத பணமெல்லாம் வலது பக்கம் ஏறும். 'கார்புரேட்டர் சர்வீஸ் 1,800 கேட்டான். 350க்கு ஸ்ப்ரே வாங்கி நானே கழுவினேன். மிச்சம் 1,450.' கழுவும்போது ஒரு குட்டி ஸ்பிரிங் தெறித்துச் சாக்கடையில் விழுந்ததும், அதற்காக எழும்பூரில் ரயிலை விட்டு இறங்கிப் புதுப்பேட்டைக் கடைகளில் இரண்டு நாள் அலைந்ததும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

போன வருஷம் வண்டிக்கு ஒரு விசித்திரமான சீக்கு வந்தது. வாசலில் நிற்கும்போது ஐடிலிங் சுருதி பிசகாது. கிளம்பி மீனம்பாக்கம் தாண்டுவதற்குள் பிக்கப் போகும், ஜெர்க் அடிக்கும், நின்றுவிடும். ஓரம் கட்டிப் பத்து நிமிஷம் திட்டினால், ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும்.

மனிதர் ஆரம்பித்த விதத்தைக் குறை சொல்ல மாட்டேன். காசில்லாத சோதனைதான் முதலில். மூன்று பிளக்கையும் கழற்றித் திண்ணையில் பேப்பர் விரித்து வரிசையாக வைத்தார். நுனி கரி பிடித்திருந்தால் வண்டி பெட்ரோலை அதிகம் குடிக்கிறது. வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை. எண்ணெய்ப் பிசுக்கு என்றால் பிஸ்டன் ரிங்கில் சந்தேகம், பர்ஸை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இவருடையது மூன்றும் இளம்பழுப்பு. "டிகிரி காபி கலர் சார்! எஞ்சின் பத்தரை மாத்து" என்றார்.

அடுத்து, எஞ்சின் ஓடும்போதே பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். பிடுங்கியதும் எஞ்சின் தள்ளாடினால் அந்த சிலிண்டர் வேலை செய்கிறது. தள்ளாடாவிட்டால் அதுதான் ஓசிச் சோறு. மூன்றாவது வயருக்கு எஞ்சினோடு சேர்ந்து அவரும் தள்ளாடினார். திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்த பிறகு முடிவைச் சொன்னார்: "கரன்ட் நல்லா வருது."

அத்தோடு சோதனை முடிந்து சிக்கனம் ஆரம்பமானது. பெட்ரோல் ஃபில்டர், காயில், எவனோ கழற்றிப் போட்ட பெட்ரோல் பம்ப் ஒன்று, எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் உள்ளே போயின. இப்படி மொத்தமாக மாற்றினால் எது பழுதென்று எப்படித் தெரியும் என்று கேட்டேன். "ஒவ்வொண்ணா மாத்தினா புதுப்பேட்டைக்கு மூணு தடவை போகணுமே சார்!" வேக்கம் ஹோஸ் எங்கோ காற்று இழுக்கிறது என்று சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினார். வண்டி மீனம்பாக்கத்தை மறக்கவில்லை. கடைசியில் பழி எத்தனால் தலையில் விழுந்தது. "இருபது பர்சென்ட் ஸ்பிரிட்டு கலக்குறான் சார். குடிச்ச வண்டி வழியில விழாம என்ன செய்யும்?"

இதற்குள் இன்னொரு புதிர். டேங்க் ரொம்பினால் சீக்கிரம் நிற்கிறது. இரண்டு லிட்டரோடு கிளம்பினால் கிண்டி தாண்டிப் போகிறது. எண்ணூறாருக்குப் பெருமை பிடிபடவில்லை. "என்கூடவே இருந்து இதுக்கும் சிக்கனம் ஒட்டிக்கிச்சு!"

ஒரு நாள் சாயங்காலம், நின்று நின்று வீடு வந்து சேர்ந்தவர் என்னையும் காபிக்குக் கூப்பிட்டார். உள்ளே அவர் மனைவி புது எண்ணெய் டின்னின் ஒரு மூலையில் ஆணியை வைத்து ஓட்டை போட்டுவிட்டு, எதிர் மூலையிலும் ஆணியை வைத்தார்.

"ஒரு ஓட்டை போதாதா? எதுக்கு டின்னைப் பாழாக்குறே?"

"காத்து உள்ள போனாத்தானேங்க எண்ணெய் வெளிய வரும்? இல்லன்னா களக் களக்னு நின்னு நின்னுதான் வரும், உங்க வண்டியாட்டம்."

எண்ணூறார் டபராவைக் கீழே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினார். பெட்ரோல் திருட்டுக்குப் பயந்து, 120 ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கிய பூட்டு மூடி. சாவியைப் போட்டுத் திருகியதும் 'ஸ்ஸ்ஸ்' என்று டேங்க் ஒரு நீண்ட மூச்சை உள்ளே இழுத்தது. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். அதற்கான வழி இந்த மூடியில் இல்லை. ரொம்பிய டேங்கில் காற்றுக்கு இடம் கொஞ்சம்தான், சீக்கிரமே உள்ளே வெற்றிடம் இறுகிப் பம்ப் தோற்றுப்போகும். வண்டியின் சிக்கனம் அவ்வளவுதான்.

பரணிலிருந்து பழைய மூடியைத் தேடி எடுத்துப் போட்டார். மறுநாள் செங்கல்பட்டு போய் ஒரு இடத்திலும் நிற்காமல் திரும்பினார். நோட்டை விரித்து எனக்கு எதிரிலேயே எழுதினார்: 'மூடி. செலவு 0. மெக்கானிக் 2,000 கேட்டிருப்பான். மிச்சம் 2,000.' கீழே கோடு போட்டுக் கூட்டினார். மொத்த மிச்சம் 41,300.

காபி கொண்டுவந்த மனைவி அதைப் பார்த்துவிட்டார்.

"ஏங்க, இவ்வளவு பணத்தை வெச்சுக்கிட்டா மூணு வருஷமா வாஷிங் மெஷினுக்கு நாள் பாக்குறீங்க? எடுங்க, நாளைக்கே போவோம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் டம்ளரைப் பார்த்தேன். வாசலில் வண்டி, எஞ்சின் அணைந்து, ஒரு குறையுமில்லாமல் நின்றுகொண்டிருந்தது.

"ஏதோ சத்தம் வருது, பாத்துட்டு வந்துடறேன்" என்று பனியனைத் தோளில் போட்டுக்கொண்டு போய் பானெட்டைத் திறந்தார்.