பூச்சி கட்டும் படலம்

ட்ரவுட் மீனுக்குத் தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் திணறல் வந்துவிடும். எங்கள் ஆத்தூரிலோ மார்கழியிலும் சட்டை போடாமல் தூங்குகிறவர்கள் உண்டு. வசிஷ்ட நதியில் தண்ணீர் ஓடுகிற வருஷத்தில் ஜிலேபியும் கெளுத்தியும் கிடைக்கும். ட்ரவுட் வேண்டுமென்றால் நீலகிரி ஏற வேண்டியதுதான். அங்கேயும் துரைமார் பலகாலம் பாடுபட்டு, 1907-இல் வில்சன் என்பவர் அவலாஞ்சியில் பொரிப்பகம் அமைத்த பிறகுதான் அது நிலைத்தது. ஆகவே ஆத்தூர்த் திண்ணையில் உட்கார்ந்து ட்ரவுட்டைப் பிடிக்கத் தூண்டில் முள்ளில் போலிப் பூச்சி கட்டுகிறவனை ஊர் எப்படிப் பார்க்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் கட்டுவது நிம்ஃப். ஆற்றுக்குள் கல்லிடுக்கில் வளரும் இளம்பூச்சியின் போலி. இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைக் காவல் காத்த ஃபிராங்க் சாயர் காட்டிய வழியில் நூலே கிடையாது. பெசன்ட் பறவையின் வால் இறகு, மெல்லிய தாமிரக் கம்பி, அவ்வளவுதான். கம்பியே கட்டும், அதன் எடையே பூச்சியை முழுக வைக்கும்.

கம்பி வாங்க, மோட்டார் காயில் கட்டும் கடைக்கு இங்கே பஞ்சமில்லை.

"எத்தன ஹெச்பி மோட்டாருங்க?"

"மீனுக்குங்க."

அவர் என்னை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, 36 கேஜ் ஃபேன் கம்பியை அளந்து கொடுத்தார்.

பெசன்டுக்கு எங்கே போவது? நல்லவேளை, பெசன்ட், மயில், சேவல் மூன்றும் ஒரே குடும்பம். வயலில் மயில் உதிர்த்த இறகு, கறிக்கடைச் சேவலின் வால். வடசென்னிமலை முருகனின் வாகனமும் கொடியும் என் மேசைக்கு வந்தாயிற்று. வேலுக்குப் பதில் 14-ஆம் நம்பர் தூண்டில் முள். சிலர் பூச்சியின் தலைக்குப் பித்தளை மணி கோப்பார்கள். ஜவ்வரிசி தயாராகும் ஊரில் மணிக்கா குறை? தண்ணீரில் போட்டால் பாயசமாகிவிடும் என்பதால் விட்டேன்.

முள்ளை வைஸில் கவ்வக் கொடுத்து, தண்டு முழுக்கக் கம்பி சுற்றி, முன்பக்கம் சின்னதாகத் திமில் எழுப்ப வேண்டும். நாலு இழை இறகின் நுனியை வாலாக நீட்டி, மிச்சத்தைக் கம்பியோடு முறுக்கிச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். பிறகு அதே இழைகளைத் திமிலின் மேல் முன்னும் பின்னும் மடித்தால், றெக்கை முளைக்கப்போகிற முதுகு தயார். அந்த நேரத்தில் தும்மக் கூடாது.

பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்தார். "சாக்கடையோரம் தோண்டினா மண்புழு நெளியுது. அத விட்டுட்டு மீனுக்கு நகை செய்யறியே, மாப்ள?"

அம்மாவுக்கு வேறு கவலை. "இந்த மீனுக்குப் புளி போடணுமா, தக்காளி போதுமா?"

"தூண்டில் ரசிகருங்க பிடிச்சுட்டு மறுபடி ஆத்துலயே விட்டுடுவாங்கம்மா."

அம்மா வைஸையும் கம்பியையும் என்னையும் வரிசையாகப் பார்த்தாள்.

"மிச்சக் கம்பி இருந்தா உள்ள வாடா சாமி. நாலு நாளா ஃபேன் சுத்தல."