மிட் கொஞ்சம் தூக்கல்

எங்கள் வீட்டு அரிசி டப்பாவைவிடச் சின்னது. ஒரு அடி உயர மர ஸ்பீக்கர் பெட்டி, முன்பக்கம் கறுப்புத் துணி. ஜோடி என்ன விலை என்று மச்சினனைக் கேட்டேன். சமையலறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, மூன்று விரலைக் காட்டினான்.

"மூவாயிரமா?"

தலையில் அடித்துக்கொண்டான். "லட்சம், மாமா! பிபிசிக்காரன் 1970-கள்ல வடிவமைச்சது. வெளி ஒலிபரப்புக்குப் போற வேனுக்குள்ள வெச்சுக் கேட்கறதுக்கு. எல்எஸ்3/5ஏ."

பல்லவன் பஸ் நம்பர் மாதிரி இருந்தது. சொல்லவில்லை. பெண் கொடுத்த வீடு.

அன்று பெட்டியைப் பார்க்க இரண்டு பேர் வந்திருந்தார்கள். ஒருவர் வங்கியில் ஓய்வு பெற்ற மாடி வீட்டு சார். அவர் வீட்டில் இடுப்புயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், துவாரபாலகர்கள் மாதிரி நிற்கும். அதுவும் அவருக்குப் போதாது. ஹார்ன் ஸ்பீக்கர்தான் அவர் கனவு. 1946-இல் பால் கிளிப்ஷ் என்ற அமெரிக்கர் ஒன்று செய்தாராம். அறையின் மூலைச் சுவரையே குழாயின் தொடர்ச்சியாக்கிவிடுகிற பெட்டி. ஒரு வாட் கொடுத்தாலே வீடு அதிருமாம். அதைச் சொல்லும்போது சாரின் குரல் தழுதழுக்கும். இன்னொருவன் எதிர் ஃபிளாட் ஐடி பையன். ஸ்பீக்கர் நல்லதா என்பதை அவன் காதால் முடிவு செய்வதில்லை. உட்கார்ந்திருக்கும் சோபா சொல்ல வேண்டும்.

மச்சினன் முதலில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' போட்டான். 1986-இல் வந்த அந்த இசைத்தொகுப்பு, எனக்குத் தெரிந்து, சோதனைக்கென்றே எத்தனையோ முறை சுழன்றிருக்கிறது. வயலின் இழைந்தது. எனக்குக் கண்ணோரம் ஈரம்.

"வார்ம்த் பத்தலை" என்றார் சார்.

காபியைச் சொல்கிறார் என்று நினைத்து, அவர் கையிலிருந்த டம்ளரை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். திரும்பி வந்தபோது கர்னாடக சங்கீதத்துக்கு மாறியிருந்தார்கள். சார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பாடறவர் எதிர்ல சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கார், மறுக்கலை. ஆனா மிருதங்கக்காரர் இன்னும் வரலையே? தொப்பியில கும்கி விழ வேண்டாமா?"

"அங்கிள், பேஸ்னு ஒண்ணு இருக்கா இதுல?" என்றான் பையன்.

"இருக்கு. மிகையா இல்லை" என்றான் மச்சினன், ஜாதகத்தில் செவ்வாய் இருப்பதை ஒப்புக்கொள்கிற தகப்பன் மாதிரி. அத்தனை சின்னப் பெட்டியிலிருந்து அடி ஸ்தாயி முழுசாக வராது. காற்றைத் தள்ள இடம் வேண்டும். வடிவமைத்தவர்கள் அதற்குச் சற்று மேலே உள்ள பகுதியை லேசாகத் தூக்கிவிட்டு, பேஸ் இருப்பதுபோல் ஒரு பிரமையை உண்டாக்கினார்கள். பருப்பு குறைந்த ரசத்தில் பெருங்காயம் கூடுதலாகப் போடுவது நம் வீடுகளில் தெரியாத கலையா என்ன?

அப்புறம் டேப் வந்தது. சுவரிலிருந்து எத்தனை அங்குலம், எந்தக் கோணத்தில் உள்பக்கம் திருப்புவது என்று மூவரும் தரையில் மண்டியிட்டு அளந்தார்கள். வாஸ்து பார்ப்பவர்கூட இவ்வளவு நுணுக்கமாக எங்கள் வீட்டை அளக்கவில்லை.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் எங்கோ படித்தது நாக்கு நுனியில் நின்றது. 1994-இல் ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இருவர், ஸ்பீக்கர் செய்யும் ஹார்மன் நிறுவனத்து ஆட்கள் 40 பேரை உட்கார வைத்து நான்கு ஸ்பீக்கர்களைக் கேட்கச் செய்தார்கள். ஒரு முறை திரைக்குப் பின்னால், ஒரு முறை கண் எதிரே. கண்ணால் பார்த்ததும் பெரிய பெட்டிகளுக்கு மதிப்பெண் ஏறியது. திரைக்குப் பின்னால் நன்றாகத் தேறிய சின்ன, மலிவான ஸ்பீக்கர் இறங்கிப்போனது. கேட்டவர்கள் எல்லாரும் அந்தத் தொழிலிலேயே இருந்தவர்கள்.

சொல்லி முடிப்பதற்குள் மச்சினன் எட்டு முழ வேட்டியைக் கொடியில் கட்டிவிட்டான். மாடியிலிருந்து துவாரபாலகர்கள் இறங்கினார்கள். வாட்ச்மேனும் நானும் தூக்கினோம். என் இடுப்பு இன்னும் அதைப் பற்றிப் பேசுகிறது.

முதல் சுற்றில் பெரியதே ஜெயித்தது. பையன்தான் கண்டுபிடித்தான், அது சத்தமாகக் கேட்கிறது. சத்தம் கூடினால் பேஸும் கூடினதாகக் காதுக்குத் தோன்றும். ஃபிளெட்சரும் மன்சனும் 1933-லேயே அளந்து வைத்த விஷயம். ஸ்பீக்கர் கடைக்காரர்களுக்கு அதைப் படிக்காமலே தெரியும். பையன் போனில் அளந்து இரண்டையும் சமமாக்கினான்.

இரண்டாம் சுற்று. சார் தொடையில் தாளம் போட்டார். "ஆஹா! இதான்யா சங்கீதம். இது என்னோடதுதான், அடிச்சுச் சொல்றேன்."

வேட்டியை விலக்கினால், பாடிக்கொண்டிருந்தது அரிசி டப்பா.

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. சார் எழுந்துபோய் வேட்டியை இரண்டு விரலால் தடவிப் பார்த்தார். "பாலியஸ்டர் கலந்திருக்கு. ட்ரெபிளை முழுங்கிடும். இந்த டெஸ்ட் செல்லாது."

கதர் வேட்டி இருக்கிறதா என்று மச்சினன் பீரோவைத் திறந்தபோது கரண்ட் போனது.

ஆடி மாதம். தெருமுனை அம்மன் கோயிலில் ஜெனரேட்டர் உண்டு. வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரிலிருந்து எல்.ஆர். ஈஸ்வரியின் குரல், தகரம் அதிர, கரகரவென்று உள்ளே வந்தது. பேஸ் அறவே இல்லை. ட்ரெபிள் பல்லைக் கூசவைத்தது. வியர்த்து வழிய நாலு பேரும் இருட்டில் உட்கார்ந்திருந்தோம். பையனின் கால் ஆடியது. மச்சினன் இரண்டாவது அடியை முணுமுணுத்தான். ஒரு பாட்டு முழுக்க முடிந்தது.

"ஹார்ன்" என்றார் சார், மெல்ல. "மிட் கொஞ்சம் தூக்கல்."

பிறகு எழுந்துபோய் ஜன்னல் கதவை ஒரு அங்குலம் உள்பக்கம் திருப்பி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இப்பக் கேளுங்க."