நாலாவது புகைபோக்கி

முதலில் அளவைச் சொல்லிவிடுகிறேன்: 1:350. அசலில் 118 மீட்டர் நீளமிருந்த ஜெர்மன் போர்க்கப்பல் ‘எம்டன்’, பினாங்கு லிட்டில் இந்தியாவில் லெபோ குவீனை ஒட்டிய எங்கள் மாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ரசச் சட்டிக்குப் பக்கத்தில் 34 சென்டிமீட்டராகக் கிடக்கிறது. ஆள் உயர மாலுமி இந்தக் கணக்கில் ஐந்து மில்லிமீட்டர், ஒரு பச்சரிசி மணி. கப்பலில் இருந்தவர்கள் சுமார் 360 பேர். அரைப் பிடி அரிசிகூட வராது. அந்த அரைப் பிடி அரிசிதான் 1914இல் சென்னைப் பட்டணத்தை மூட்டை முடிச்சோடு ரயிலேற்றியது, பினாங்கை விடியற்காலையில் கட்டிலிலிருந்து உருட்டிவிட்டது, போகிற போக்கில் தமிழுக்கு ஒரு வசவையும் கொடுத்துவிட்டுப் போனது.

வசவா பாராட்டா என்று இன்றுவரை முடிவாகவில்லை. “உங்கப்பன் சரியான எம்டன்” என்று பாட்டி சொல்லும்போது அதில் பாதி பயம், பாதி பெருமை. அப்பா அஞ்சடி நடைவழியில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே மாடியில் வானொலி தானாக அணையும். ஜெர்மனியில் எம்டன் என்றால் ஓர் ஊர். தமிழில் மட்டும்தான் அது ஒரு குணம். 2006இல் ‘எம்டன் மகன்’ என்று ஒரு படம் எடுத்தார்கள். நாசர்தான் அந்த எம்டன் அப்பா. தமிழ்ப் பெயர் வைத்தால் கேளிக்கை வரி கிடையாது என்று தமிழ்நாட்டில் அறிவிப்பு வர, படம் ‘எம் மகன்’ ஆகிவிட்டது. பிரிட்டிஷ் கடற்படை இரண்டு மாதம் தேடியும் பிடிக்க முடியாத கப்பலை ஒரு வரிச் சலுகை ஓசையில்லாமல் மூழ்கடித்த கதை இது.

என் எம்டன் பெட்டியில் வந்தது. ரெவெல் கம்பெனியின் கிட். திறந்தால் சாம்பல் நிற பிளாஸ்டிக் சட்டங்கள். கொத்தில் காய் தொங்குவதுபோல ஒவ்வொரு சட்டத்திலும் பீரங்கி, படகு, நங்கூரம் எல்லாம் காம்போடு ஒட்டியிருக்கும். ஸ்ப்ரூ என்போம். நிப்பரால் நறுக்க வேண்டும், காம்பு இருந்த தழும்பை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். ஒட்டுவதற்குத் தண்ணீர் மாதிரி ஒரு பசை; அது ஒட்டுவதில்லை, இரண்டு பக்கத்து பிளாஸ்டிக்கையும் லேசாக உருக்கி ஒன்றாக்கிவிடும். கல்யாணம் மாதிரி. பிரித்தால் இரண்டுக்கும் சேதம்.

வீட்டில் இந்தப் பொழுதுபோக்குக்கு மரியாதை கிடையாது. கீழே தெருவில் பாட்டுக்கடை ஸ்பீக்கர் அலறுகிறது, பூக்கடையிலிருந்து மல்லிகை வாசம் ஏறி வருகிறது, நடுவில் நான் தின்னர் நாற்றத்தில் உட்கார்ந்து ஒரு பீரங்கியை ஊசிமுனையில் தேடிக்கொண்டிருக்கிறேன். “பேரன் எடுக்கிற வயசில பொம்மையா?” என்பாள் மனைவி. இங்கிலாந்தில் ஃப்ராக் கம்பெனி 1936இலேயே ‘பென்குயின்’ என்ற பெயரில் விமான மாடல் விற்றது, பறக்காத பறவையாதலால் பறக்காத விமானத்துக்கு அந்தப் பெயர் என்று சொல்லிப் பார்த்தேன். ஏர்ஃபிக்ஸின் முதல் மாடல் போர் விமானம்கூட இல்லை, 1949இல் விற்பனை ஆட்கள் காட்டித் திரிவதற்காகச் செய்த ஃபெர்குசன் டிராக்டர் என்றும் சொன்னேன். எடுபடவில்லை. கடைசியில் ஆயுதத்தை மாற்றினேன்: “நீ கொலுப்படிக்குக் கீழே கடுகு முளைக்கவைத்து, கண்ணாடித் துண்டைக் குளமாக்கி, பிளாஸ்டிக் வாத்து விட்டு, பக்கத்தில் செட்டியார் கடை வைக்கிறாயே, அதற்குப் பெயர் என்ன? எங்கள் பாஷையில் டயோரமா.” ஒரு வாரம் பேச்சே இல்லை. ஒரு கொட்டாங்கச்சி குறுக்களவில் குளமும் அதைவிடப் பெரிய வாத்தும் வைக்கிறவள் என் அளவுகோலைக் கேலி செய்யலாமா என்று கேட்டது கூடுதல் தப்பு.

கொலு என்றதும் நினைவு வருகிறது. எம்டன் சென்னைக்கு வந்ததும் நவராத்திரி வாரத்தில்தான். 1914 செப்டம்பர் 22, இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு, அழைப்பில்லாத விருந்தாளியாகத் துறைமுகத்துக்கு வெளியே நின்று விளக்கைப் போட்டு, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிபார்த்து, அரைமணி நேரத்தில் நூற்றுச்சொச்சம் குண்டுகளை வீசிவிட்டுக் கிளம்பியது. தொட்டிகள் எரிந்தன, சிலர் செத்தார்கள், ஒரு குண்டின் விள்ளல் உயர் நீதிமன்ற வளாகத்துச் சுவர்வரை போனது. அங்கே இப்போது கல்வெட்டு இருக்கிறது. சுண்டல் வாங்க வந்த ஊர் மறுநாள் எழும்பூரில் டிக்கெட் வாங்க நின்றது. அந்தக் கப்பலில் விடுதலைப் போராட்டக்காரர் செண்பகராமன் பிள்ளையே இருந்தார் என்று பின்னால் கதை கட்டினார்கள். அவர் அப்போது சூரிச்சில் கமிட்டி அமைத்துக்கொண்டிருந்தார். இருந்தாலும் நம்மூர்க்காரர் ஒருவரும் இல்லாத கப்பல் நம்மை அடித்தது என்பதை மனசு ஒப்பவில்லை.

சரி, புகைபோக்கிக்கு வருவோம். கிட்டில் மூன்று புகைபோக்கி இருக்கிறது, ஏனென்றால் எம்டனுக்கு மூன்றுதான். ஆனால் அதைத் தேடி அலைந்த பிரிட்டிஷ் கப்பல்களில் ஒன்றான ‘யார்மத்’துக்கு நான்கு. எம்டனின் முதல் அதிகாரி ஹெல்முத் ஃபான் மூக்கே. பெயரைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, காரியக்காரர். மரச்சட்டமும் கித்தானும் கொண்டு நாலாவதை நாமே செய்துவிடலாம் என்று அவர் யோசனை சொன்னார். முதலில் செய்தது தட்டை. பக்கவாட்டில் பார்த்தால் புகைபோக்கி, முன்னாலிருந்து பார்த்தால் கொடியில் காயும் வேட்டி. பிறகு திருத்தி, மூக்கும் முழியுமாக உருண்டை வடிவத்தில் ஒன்று செய்து நிறுத்தினார்கள். திருடன் தன்னைத் தேடும் போலீஸ்காரரின் சட்டையையே மாட்டிக்கொண்டான்.

எங்களைப் போன்றவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். முதல் முயற்சியில் தவறு, எட்டி நின்று பார்த்து அளவைத் திருத்தல், சாம்பல் பெயின்ட், கடைசியில் யாரும் நெருங்கி வந்துவிடக் கூடாதே என்ற பிரார்த்தனை: அசல் மாடல்காரர்கள்! அளவு மட்டும் 1:1.

1914 அக்டோபர் 28, புதன்கிழமை. தீபாவளி முடிந்து பத்து நாள். விடியுமுன் நாலு புகைபோக்கியோடு ஒரு கப்பல் பினாங்குத் துறைமுகத்துக்குள் நிதானமாக நுழைகிறது. பார்த்தவர்கள் எண்ணினார்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நம்ம கப்பல்தான், போய்ப் படு.

உள்ளே நின்றது ரஷ்யக் கப்பல் ‘ஜெம்சுக்’. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் முத்து. பினாங்குக்குக் ‘கீழைத்தேய முத்து’ என்று பட்டப்பெயர். முத்துத் தீவில் முத்துக் கப்பல். ஜாதகப் பொருத்தம் பிரமாதம், தசைதான் சரியில்லை. 1905இல் ட்சுஷிமா கடற்போரில் ஜப்பானியர்களிடமிருந்து தப்பிய கப்பல் அது. தளபதி பேரன் செர்காசோவ். யாருக்கும் பேரனில்லை, அது பிரபுப் பட்டம். அவர் அன்றிரவு கப்பலில் இல்லை, கரையில் இருந்தார். கொதிகலன்கள் சுத்தம் செய்யக் கிடந்தன, மேல்தளத்தில் கைக்கெட்டிய குண்டுகள் ஒரு டஜன். பக்கத்தில் பிரெஞ்சுக்காரர்களின் சிறு கப்பல்களும் நின்றன. அவற்றில் ஒன்றின் பெயர் ‘பிஸ்டோலே’, கைத்துப்பாக்கி. இன்னொன்று ‘ஃப்ரோந்த்’, கவண். பெயரெல்லாம் ஆயுதம், ஆட்கள் எல்லாம் தூக்கம்.

எம்டன் ஜெர்மன் கொடியை ஏற்றியது. வேஷம் போட்டு உள்ளே வரலாம், சுடும்போது சொந்தக் கொடி பறக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துப் போர் தர்மம். கொஞ்ச தூரத்தில், கல்லெறிந்தால் விழும் என்று சொல்லும்படி வந்து, ஒரு டார்ப்பிடோ. கூடவே பீரங்கிகள். திரும்பி வந்து இன்னொரு டார்ப்பிடோ. முத்து இரண்டாக உடைந்து அடியில் போனது.

மார்க்கெட் ஸ்திரீட்டில் யாராவது புரண்டு படுத்து, “தீபாவளி மிச்ச வெடியை எந்தப் பொடியன்டா இந்நேரத்துல கொளுத்துறது?” என்று திட்டியிருப்பார் என்று நானாக நினைத்துக்கொள்வேன். பினாங்கு ஸ்திரீட் கிட்டங்கியில் செட்டியார் ஒருவர் பெட்டகத்தின் மேலேயே உட்கார்ந்திருப்பார். இரண்டாவது வெடிக்கு வட்டி கால் பைசா ஏறியிருக்கும். இதற்கெல்லாம் ஆவணம் கேட்காதீர்கள். செட்டியார்களைத் தெரிந்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

ரஷ்ய மாலுமிகள் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. அந்தப் பக்கம் போனால் நான் சும்மா இருந்துவிடுவேன், நகைச்சுவை வராது. செர்காசோவுக்கு ராணுவ நீதிமன்றத்தில் சிறை, பட்டம் பறிப்பு. பிறகு சிறைக்குப் பதிலாகச் சாதாரண மாலுமியாகப் போர்முனைக்கு அனுப்பினார்கள்.

வெளியேறும் வழியில் எம்டன் ‘கிளென்டரெட்’ என்ற பிரிட்டிஷ் சரக்குக் கப்பலை நிறுத்தியது. அதன் மூலம் தளபதி கார்ல் ஃபான் முல்லர் பினாங்குக்குச் சொல்லியனுப்பிய செய்திதான் எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்தது: ஆயுதமில்லாத அரசாங்கப் படகின் மேல் தவறிச் சுட்டுவிட்டோம், மன்னிக்கவும், ரஷ்யர்களைத் தண்ணீரிலிருந்து தூக்க நேரமில்லை, அதற்கும் மன்னிக்கவும். வீட்டை இடித்துவிட்டு, வாசல் கோலத்தை மிதித்ததற்கு வருந்துகிற ஜாதி. அதற்குள் ரோந்து முடிந்து திரும்பிய பிரெஞ்சு ‘மூஸ்கே’, வருவது யாரென்று புரிவதற்குள் மூழ்கியது. அதிலிருந்து 36 பேரைத் தூக்கிக் காப்பாற்றினார்கள். இந்த மரியாதையெல்லாம் முல்லருக்கு வழக்கம்தான். கொள்ளையடிக்கப்பட்ட கப்பல்களின் ஆட்களே பிரியும்போது அவருக்கு ஆரவாரம் செய்து அனுப்பியிருக்கிறார்கள். ‘இண்டஸ்’ என்ற கப்பலில் சோப்புப் பெட்டிகள் மாட்டின. உடனே அந்தக் கல்கத்தா சோப்புக் கம்பெனி, எங்கள் சோப்புக்காகத்தான் எம்டன் துரத்தியது என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டது. அதல்லவா வியாபாரம்.

பன்னிரண்டு நாள் கழித்து, நவம்பர் 9, கோக்கோஸ் தீவுகள். தந்தி நிலையத்தை உடைக்க எம்டன் வருகிறது. நிலையத் தலைவர் ஃபாரன்ட் எட்டிப் பார்க்கிறார். பினாங்கில் எல்லாரும் எண்ணினார்கள், இவர் மட்டும் பார்த்தார். நாலாவது கித்தான். உடனே தந்தி பறந்தது. கரையேறிய மூக்கேயின் ஆட்கள் நிலையத்துக் கம்பத்தைச் சாய்க்கும்போது, “தயவுசெய்து டென்னிஸ் மைதானத்தின் மேல் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று நிலையத்துக்காரர்கள் கேட்க, அவர்களும் பவ்யமாக வேறு பக்கம் சாய்த்தார்களாம். அதற்குள் பெரிய பீரங்கிகளோடு ஆஸ்திரேலியக் கப்பல் ‘சிட்னி’ வந்துவிட்டது. எம்டன் பவளப்பாறையில் ஏறி நின்றது, நூற்று முப்பதுக்கும் மேல் சாவு. கரையில் மாட்டிக்கொண்ட மூக்கே ‘ஆயிஷா’ என்ற பாய்மரக் கப்பலைத் திருடி, அரேபியா வழியாக ஊர் போய்ச் சேர்ந்தார். புகைபோக்கி செய்தவன் எப்படியும் பிழைத்துக்கொள்வான்.

என் நாலாவது புகைபோக்கி கிட்டில் வராததால் நானே செய்தேன். மாரியம்மன் கோவிலில் விபூதி மடித்துக் கொடுத்த தாளைப் பேனா மூடியில் சுற்றி ஒட்டினேன். சாம்பல் நிறம் அம்மன் உபயம், பிரைமர் மிச்சம். இழுவைக் கம்பிக்கு மனைவியின் தையல் நூல், அனுமதியின்றி. மூன்று ராத்திரி வேலை. ஒரு முறை மின்விசிறிக் காற்றில் பறந்து ரசத்துக்குள் விழுந்தது, அதை விவரிக்கப் போவதில்லை. கடைசியில் நாலும் ஒரே வரிசையில், ஒரே உயரத்தில், ஒரே சாம்பலில் நின்றன. எட்டி நின்று பார்த்தேன். சாட்சாத் யார்மத்.

பசியாறக் கூப்பிட வந்தவள் கதவில் நின்றபடியே மேசையைப் பார்த்தாள். மூன்று விநாடிகூட ஆகியிருக்காது.

“அந்தக் கடைசி ஒண்ணு தாளுதானே?”